பென் டிரைவும் டி.வி.டி. பிளேயரும்: உயர்தெளிவுப் படம் ஓட மறுப்பது ஏன்?

வனத்திலும் வயலிலும் கடற்கரையிலும் பணிபுரியும் கள அலுவலர்களுக்கும், வகுப்பறையில் பாடம் புகட்டும் ஆசிரியர்களுக்கும் சலனப் படம் ஓர் ஒப்பற்ற துணைவன். கொசுப் புழு தேங்கிய நீரில் வளரும் விதத்தையோ, கடலாமை மணலைத் தோண்டி முட்டையிடும் முறையையோ ஒரு மணி நேரம் வாய்ச்சொல்லால் விளக்குவதைக் காட்டிலும், பத்து நிமிஷப் படம் தெளிவாக உணர்த்திவிடும். அத்தகைய படங்கள் இக்காலத்தில் கைவிரல் அளவே உள்ள பென் டிரைவில் வந்து சேருகின்றன. அதைச் செருகுதற்குரிய துளையும் பல டி.வி.டி. பிளேயர்களில் உண்டு. ஆயினும், மக்கள் கூடியிருக்கும் வேளையில் பென் டிரைவைச் செருகியதும், 'இக்கோப்பை இயக்க இயலாது' என்னும் அறிவிப்பே திரையில் தோன்றுகிறது. கருவி பழுதாயிற்று என்று சிலர் முடிவு கட்டுகின்றனர். பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று வேறு சிலர் கருதுகின்றனர். பெரும்பாலும் இவ்விரண்டும் உண்மையல்ல. கருவியும் நன்றாகவே இருக்கிறது. படமும் நன்றாகவே இருக்கிறது. ஒன்றின் மொழி மற்றொன்றுக்கு விளங்கவில்லை என்பதே செய்தி. அம்மொழி வேற்றுமை யாது, அதை நீக்கும் வழி யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தீவுக்குப் படம் வரும் வழி

நகரத்தில் வாழ்வோர்க்கு இஃது ஒரு சிறு தொல்லை. கடைக்குச் சென்று வேறு கருவி வாங்கிக்கொள்வர். கேம்பல் பே போன்ற இடங்களில் நிலைமை வேறு. கிரேட் நிக்கோபார் தீவின் கீழ்க்கரையில் உள்ள இவ்வூர், அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகருக்குத் தெற்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு அப்பால் அமைந்துள்ளது. போர்ட் பிளேயர் என்று வழங்கி வந்த அத்தலைநகருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. 1969 முதல் இத்தீவில் முன்னாள் படைவீரர்களின் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய பகுதிகளிலிருந்து அவர்கள் வந்தனர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப் பேரலையில் கரையோரக் குடியிருப்புகளும் சாலைகளும் பெருஞ்சேதமுற்றன. இத்தகைய தீவில், ஆழிப் பேரலை எச்சரிக்கை வந்தவுடன் எத்திசையில் ஏறிச் செல்ல வேண்டும் என்பதைக் குழந்தைகளுக்குக் காட்டும் படம் வெறும் பொழுதுபோக்கு அன்று; உயிர் காக்கும் பாடமாகும்.

2020 ஆகஸ்ட் 10-ஆம் நாள் சென்னையிலிருந்து அந்தமானுக்கும், அங்கிருந்து கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட ஏழு தீவுகளுக்கும் ஆழ்கடல் ஒளியிழைக் கம்பி வழித் தொடர்பு தொடங்கி வைக்கப்பட்டது. ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கம்பி வருமுன், வெளியுலகத் தொடர்புக்குச் செயற்கைக்கோளே கதியாக இருந்தது. கம்பி வந்த பின் நிலைமை பெரிதும் மேம்பட்டது. எனினும், கம்பி கரையேறும் இடத்தில் கிடைக்கும் வேகம் ஒவ்வொரு குடியிருப்பின் பள்ளிக்கும் அப்படியே சென்று சேர்ந்துவிடுவதில்லை. ஆதலின் பென் டிரைவுக்கு இன்றும் வேலை உண்டு.

இங்கு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது சுவையாக இருக்கும். 32 கிகாபைட் கொள்ளளவுள்ள ஒரு பென் டிரைவ் முழுவதும் படங்களை நிரப்பிக் கப்பலில் அனுப்புகிறோம். பயணம் இரண்டு நாள் என்று கொள்வோம். 32 கிகாபைட் என்பது 2,56,000 மெகாபிட். இரண்டு நாள் என்பது 1,72,800 விநாடி. வகுத்துப் பார்த்தால் விநாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை மெகாபிட் வேகத்தில் இரவும் பகலும் ஓயாது இயங்கும் தொடர்புக்கு அந்தச் சிறு துண்டு சமமாகிறது! ஆனால், வந்து சேர்ந்த படம் ஓடவில்லையெனில் இந்த இரண்டு நாளும் வீண். மறு படம் வர மேலும் பல நாள் காத்திருக்க வேண்டும்.

பெட்டியின் மேலுள்ள எண்

டி.வி.டி. பிளேயர் வந்த அட்டைப் பெட்டியின் மேல் '1080' என்னும் எண் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். உயர்தெளிவுப் படத்திற்கும் அதே எண் வழங்குகிறது. இரண்டும் ஒன்றே என்று கொள்வதுதான் குழப்பத்தின் முதற் காரணம்.

பெட்டியின் மேலுள்ள எண், கருவியிலிருந்து வெளியே செல்லும் படத்தின் அளவைக் குறிப்பது. உள்ளே வரும் படத்தைக் குறிப்பது அன்று. டி.வி.டி. தட்டில் உள்ள படம், நம் நாட்டு முறைப்படி, அகலத்தில் 720 புள்ளிகளும் உயரத்தில் 576 புள்ளிகளும் கொண்டது. அதைக் கருவி முதலில் வாசித்து, பின்பு புதிய தொலைக்காட்சிப் பெட்டியின் திரைக்கு ஏற்றவாறு 1920-க்கு 1080 புள்ளிகளாகப் பெருக்கி அனுப்புகிறது. சிறிய கோலத்தைப் பெரிய முற்றத்திற்கு ஏற்ப விரித்து வரைவது போன்றது இது. புதிய புள்ளிகள் இடைச்செருகலே. இவ்வாறு பெருக்கி அனுப்பும் ஆற்றல் உள்ள கருவிக்கு, தொடக்கத்திலேயே 1080 அளவில் உள்ள படத்தை வாசிக்கும் ஆற்றலும் இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை.

சுருக்கமும் விரிவும்

வாசித்தல் அத்துணை கடினமான வேலையா என்று கேட்கலாம். 720-க்கு 576 அளவுள்ள படத்தில் 4,14,720 புள்ளிகள் உள்ளன. விநாடிக்கு 25 படங்கள். ஒரு புள்ளிக்குச் சராசரி 12 பிட். சுருக்காமல் வைத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 124 மெகாபிட் ஆகும். ஆனால், டி.வி.டி. முறையில் படத்திற்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவு விநாடிக்கு 9.8 மெகாபிட்தான். ஆகவே படத்தைச் சுருக்கியே தட்டில் பதிக்கின்றனர்.

சுருக்கும் தத்துவம் எளிது. அடுத்தடுத்த இரு படங்களில் பெரும்பகுதி மாறுவதில்லை. ஆமை நகர்கிறது, மணல் அப்படியே கிடக்கிறது. ஆகவே ஒரு படத்தை முழுமையாகவும், அதன் பின் வருவனவற்றில் மாறிய பகுதியை மட்டும் குறிப்பாகவும் எழுதி வைத்தால் போதும். கருவியில் உள்ள சில்லு இக்குறிப்புகளைப் படித்து, முழுப் படத்தை மீண்டும் கட்டி எழுப்புகிறது. இதற்காகப் படத்தை 16-க்கு 16 புள்ளி கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்துக் கையாளுகின்றனர். டி.வி.டி. படம் ஒன்றில் அத்தகைய கட்டங்கள் 1,620. 1080 அளவுள்ள படம் ஒன்றிலோ 8,160. அதாவது ஐந்து மடங்கு வேலையை அதே காலத்திற்குள் முடிக்க வேண்டும். ஐந்து மடங்கு நினைவகமும் வேண்டும். 1,620 கட்டங்களுக்கென்று குறைந்த விலையில் அமைக்கப்பட்ட சில்லு இப்பாரத்தைத் தாங்காது.

அளவு மட்டுமன்று, முறையும் மாறிவிட்டது. டி.வி.டி. தட்டில் உள்ளது எம்பெக்-2 என்னும் சுருக்கு முறை. யு.எஸ்.பி. துளையுள்ள பிளேயர்கள் பலவும் இதனோடு எம்பெக்-4 வகையைச் சேர்ந்த டிவ்எக்ஸ், எக்ஸ்விட் என்னும் முறைகளையும் அறியும். ஆனால், இன்றைய கைபேசியும் காமிராவும் கையாள்வது 2003-இல் நிர்ணயிக்கப்பட்ட எச்.264 அல்லது 2013-இல் வெளியான எச்.265. இவை ஒரே தெளிவை இன்னும் குறைந்த இடத்தில் அடக்கும் அரிய முறைகள். அதற்கு ஈடாக, விரிக்கும் வேலை கடினமாகிறது. சில்லில் அவ்வேலைக்கான சுற்றே அமைக்கப்படவில்லையெனில் பின்னர் அதைச் சேர்க்க இயலாது. கணிப்பொறியில் புதிய மென்பொருளை ஏற்றிக்கொள்ளலாம். பிளேயரின் சில்லு பிறவியிலேயே தன் மொழிகளை வரையறுத்துக்கொண்டது.

கோப்பின் பெயர் இறுதியில் உள்ள எம்.பி.4 என்பதை ஏ.வி.ஐ. என்று மாற்றினால் ஓடிவிடும் என்று சிலர் முயல்வதுண்டு. அது கடிதத்தின் உறையை மாற்றுவதை ஒக்கும். உள்ளே இருக்கும் கடிதம் அறியாத மொழியில் இருக்கையில் உறையை மாற்றி என்ன பயன்?

குறிகளைக் கொண்டு காரணம் அறிதல்

மருத்துவர் குறி கண்டு நோய் அறிவது போல, திரையில் தோன்றுவதைக் கொண்டு காரணத்தை உய்த்துணரலாம். கள அலுவலர்கள் கீழ்க்காண்பவற்றை நினைவில் வைத்தல் நலம்.

பென் டிரைவ் செருகப்பட்டதையே கருவி உணரவில்லையெனில், அதன் வடிவமைப்பை ஐயுற வேண்டும். பழைய பிளேயர்கள் பெரும்பாலும் ஃபேட் 32 என்னும் வடிவமைப்பை மட்டுமே அறியும். எக்ஸ்ஃபேட், என்.டி.எஃப்.எஸ். என்பன அவற்றுக்குப் புரிவதில்லை. பெரிய கொள்ளளவுள்ள டிரைவுகள் பல எக்ஸ்ஃபேட் வடிவிலேயே விற்பனைக்கு வருகின்றன. வடிவமைப்பை மாற்றினால் உள்ளே இருப்பன யாவும் அழிந்துவிடும்; ஆகவே முதலில் பிரதி எடுத்துக்கொள்வது அவசியம். பென் டிரைவுக்குப் பதிலாக வெளி வன்தட்டைச் செருகியிருந்தால், பிளேயர் தரும் மின்சாரம் அதைச் சுழற்றப் போதாமலும் இருக்கலாம். ஈர உப்புக் காற்றில் துருவேறிய முனைகளும் ஒரு காரணம். உலர்ந்த மென்துணியால் துடைத்துப் பார்க்கலாம்.

டிரைவ் தெரிகிறது, ஆனால் கோப்பின் பெயர் பட்டியலில் இல்லையெனில், எம்.கே.வி. போன்ற அறியாத உறையில் படம் உள்ளது என்று கொள்க.

பெயர் தெரிகிறது, இயக்கினால் மறுப்பு வருகிறதெனில், படத்தின் அளவு மிகுதி அல்லது சுருக்கு முறை அறியாதது. ஒலி மட்டும் கேட்டுப் படம் தோன்றாததும் இவ்வகையே. படம் தோன்றி ஒலி கேட்காவிட்டால், ஒலியின் முறை ஏ.ஏ.சி. போன்ற வேறொன்றாக இருக்கலாம். பழைய பிளேயர்கள் நன்கு அறிந்தது எம்.பி.3.

படம் ஓடுகிறது, ஆனால் தடுக்கித் தடுக்கிச் செல்கிறதெனில், தகவல் வரும் வேகத்தை ஆராய வேண்டும். சில பிளேயர்களின் யு.எஸ்.பி. துளை பழைய வகையைச் சார்ந்தது. ஏட்டளவில் அதன் உச்ச வேகமே விநாடிக்கு 12 மெகாபிட். கைபேசியில் 1080 அளவில் எடுத்த படம் பல வேளைகளில் அதைக் கடந்துவிடும். குறுகிய மதகு வழியே பெருவெள்ளம் பாய முடியாதன்றோ?

பெரிய படத்தை டிரைவில் படியெடுக்கும்போதே கணிப்பொறி மறுத்தால், ஃபேட் 32-இன் வரம்பே காரணம். அவ்வடிவமைப்பில் தனிக் கோப்பு ஒன்று 4 கிகாபைட்டை எட்டலாகாது. விநாடிக்கு 8 மெகாபிட் அளவில் ஒரு மணி நேரப் படம் 3.6 கிகாபைட் ஆகும். இரண்டு மணி நேரப் படம் இவ்வரம்பை மீறிவிடும்.

படத்தைக் கருவிக்கு ஏற்ப ஆக்குதல்

காரணம் தெரிந்தபின் பரிகாரம் கடினமன்று. முதலில், டி.வி.டி. பிளேயர் தேவைதானா என்று பார்க்க வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டியிலேயே யு.எஸ்.பி. துளை இருந்தால் டிரைவை அதில் செருகிப் பார்க்கலாம். தட்டைத் திரைப் பெட்டிகள் பல எச்.264 படத்தை நேரடியாகவே இயக்குகின்றன. மடிக்கணினி இருப்பின் அதை எச்.டி.எம்.ஐ. கம்பியால் பெட்டியோடு இணைக்கலாம். இவ்விரண்டும் இல்லாத இடத்தில்தான் படத்தை மாற்ற வேண்டும்.

மாற்றுவதற்கு விலையில்லா மென்பொருள்கள் உள்ளன. எஃப்.எஃப்.எம்பெக், வி.எல்.சி. என்பன அவற்றுள் பெயர் பெற்றவை. பழைய பிளேயருக்கு ஏற்ற அளவுகள் வருமாறு: உறை, ஏ.வி.ஐ.; படத்தின் முறை, எக்ஸ்விட்; அளவு, அகலத் திரைப் படமாயின் 720-க்கு 400 புள்ளி; விநாடிக்கு 25 படம்; படத்தின் தகவல் வேகம், விநாடிக்கு 1,200 கிலோபிட்; ஒலி, எம்.பி.3 முறையில் 128 கிலோபிட். எக்ஸ்விட் முறையில் கால்புள்ளி நகர்வு, முழுத்திரை நகர்வு ஈடு என்னும் இரு நுண்வசதிகள் உண்டு. பல பிளேயர்கள் இவற்றை அறியா. ஆதலின் அவற்றை அணைத்துவிட வேண்டும்.

இவ்வாறு மாற்றிய ஒரு மணி நேரப் படம் ஏறக்குறைய 600 மெகாபைட் இடத்தையே கொள்ளும். இதில் மற்றொரு நன்மையும் விளைகிறது. விநாடிக்கு 2 மெகாபிட் தரும் தொடர்பில், 3.6 கிகாபைட் கொண்ட மூலப் படத்தை இறக்க நான்கு மணி நேரம் ஆகும். மாற்றிய பிரதிக்கு நாற்பது நிமிஷமே போதும்.

டிரைவைப் பற்றிய ஐயமே வேண்டாம் என்போர் படத்தை டி.வி.டி. தட்டாகவே எழுதிவிடலாம். எம்பெக்-2 முறையில் விநாடிக்கு 5 மெகாபிட் என்று வைத்தால், 4.7 கிகாபைட் தட்டில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அடங்கும். எந்த டி.வி.டி. பிளேயருக்கும் பிறவி மொழி அதுவே.

முழுப் படத்தையும் மாற்றுமுன், அதில் ஒரு நிமிஷப் பகுதியை மட்டும் மாற்றி, காட்டப்போகும் அதே பிளேயரில் ஓட்டிப் பார்ப்பது அறிவுடைமை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். மேலும், மூலப் படத்தை ஒருபோதும் அழித்தல் கூடாது. சுருக்கியபோது போன நுட்பம் மீண்டும் வாராது.

தமிழ் எழுத்தின் சிக்கல்

நம் வாசகர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தியிலோ ஆங்கிலத்திலோ உள்ள படத்திற்குத் தமிழ் வசன வரிகளைத் தனிக் கோப்பாகச் சேர்த்து அனுப்புவது வழக்கம். கணிப்பொறியில் அவை நன்கு தோன்றும். பழைய பிளேயரின் நினைவகத்திலோ பெரும்பாலும் ரோமன் எழுத்துகளும் இன்னும் சில எழுத்து வகைகளுமே பதிக்கப்பட்டிருக்கும். தமிழ் எழுத்துருவே அதில் இராது. கொம்பும் காலும் முன்னும் பின்னும் அமையும் நம் எழுத்து முறையைக் கோக்கும் அறிவும் இராது. விளைவு: திரையின் அடியில் கட்டங்களும் பொருளற்ற குறிகளும்.

இதற்கு ஒரே வழி, படத்தை மாற்றும்போதே வசன வரிகளைப் படத்தோடு படமாகப் பதித்துவிடுவது. பின்னர் அவை எழுத்தல்ல, படத்தின் புள்ளிகளே. எந்தக் கருவியும் காட்டும். பதிக்கும்போது எழுத்தைச் சற்றுப் பெரிதாக அமைக்க வேண்டும். 400 புள்ளி உயரமுள்ள படத்தில் சிறிய எழுத்தின் புள்ளியும் சுழியும் ஒன்றோடொன்று கலந்து, 'ன'வும் 'ண'வும் வேறுபாடின்றித் தோன்றும். கோப்பின் பெயரை மட்டும் ரோமன் எழுத்திலும் எண்ணிலும் குறுகியதாக அமைத்தல் நன்று. தமிழில் பெயரிட்ட கோப்பைப் பட்டியலில் அடையாளம் காண இயலாமற் போகலாம்.

தெளிவு குறைவது குற்றமா?

உயர்தெளிவாக எடுத்த படத்தைத் தாழ்த்துவது தகுமா என்று மனம் உறுத்தலாம். காண்போரின் கண்ணும் திரையும் எத்தகையன என்பதைப் பொறுத்தது அது. பழைய குழாய்த் திரைப் பெட்டியில், சிவப்பு வெள்ளை மஞ்சள் முனைகள் கொண்ட கம்பி வழியே செல்லும் படம் எவ்வாறாயினும் 576 வரிகளுக்குள்தான் அமையும். அங்கு 1080 புள்ளி கொண்ட மூலமும், நன்கு மாற்றிய பிரதியும் ஏறக்குறைய ஒன்றே. பத்தடி தொலைவில் அமர்ந்து சிறிய திரையைக் காணும் மாணவனுக்கும் வேறுபாடு புலனாகாது. ஆனால், பூச்சியின் சிறகு நரம்பு, இலை நோயின் புள்ளி, வரைபடத்தின் எழுத்து ஆகியவற்றை நுணுகிக் காட்ட வேண்டிய படங்களில் இழப்பு உண்டு. அத்தகைய காட்சிகளை அண்மையில் நின்று பெரிதாக எடுத்தல் வேண்டும். அல்லது அச்சிட்ட படத்தைத் துணையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

களத்தில் தாமே படம் எடுக்கும் அலுவலர்கள், கைபேசியின் அமைப்பில் 4கே என்பதை விடுத்து 720 அல்லது 1080 அளவையும், எச்.265-க்குப் பதிலாக எச்.264 முறையையும் தேர்ந்துகொண்டால், பின்னால் மாற்றும் வேலை எளிதாகும்.

அனுப்புவோர் கடமை

இறுதியாக ஒன்று கூறுதல் வேண்டும். படத்தை மாற்றுவதற்கு ஓரளவு விரைவான கணிப்பொறியும், தடையற்ற மின்சாரமும், பொறுமையும் தேவை. டீசல் யந்திரத்தால் மின்சாரம் ஆக்கும் தீவில் உள்ள ஆசிரியரிடம் இவை மூன்றையும் எதிர்பார்ப்பதைவிட, படத்தை அனுப்பும் தலைமையிடங்களே அவ்வேலையை ஒருமுறை செய்துவிடுவது முறை. ஒரே டிரைவில் இரு பிரதிகள் இருக்கட்டும்: ஒன்று, உயர்தெளிவில் உள்ள மூலம், மற்றொன்று, எந்தப் பழைய பிளேயரிலும் ஓடும் சிறு பிரதி. டிரைவ் ஃபேட் 32 வடிவில் இருக்கட்டும். எது எங்கு ஓடும் என்று நான்கு வரியில் எழுதிய சீட்டு ஒன்றும் உடன் செல்லட்டும். பெறுவோரும் தம்மிடமுள்ள பிளேயரின் கையேட்டில், அது வாசிக்கும் முறைகளின் பட்டியல் அச்சிட்ட பக்கத்தைப் பார்த்து, முன்னதாகவே தலைமையிடத்துக்குத் தெரிவித்துவிடலாம்.

இதற்குச் செலவு ஏதும் இல்லை. இதனால் தவிர்க்கப்படும் இழப்போ சிறிதன்று. ஓடாத கருவி என்று ஒதுக்கப்படும் ஒவ்வொரு பிளேயரும் தீவில் குப்பையாகிறது; கப்பலேற்றித் திருப்பி அனுப்பினாலன்றி அதை முறைப்படி அழிக்க வழியில்லை. நல்ல நிலையில் உள்ள கருவியை அவ்வாறு இழக்க வேண்டியதில்லை. அது அறிந்த மொழியில் படத்தைத் தந்தால், இன்னும் பல்லாண்டு அது பாடம் சொல்லும்.